பூட்டாத பூட்டு

இந்த வாரம் துப்பாக்கியைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும் நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். குடும்ப ஸ்திரீகளும் குழந்தைகளும் படிக்கும் பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நாம் எழுதப் போவது சுடுவதைப் பற்றி அல்ல. சுட்ட பிறகு துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டுவதைப் பற்றி. கழற்றிய சாமானைத் திரும்பப் பூட்டுகிற சங்கடம் எந்த வீட்டில்தான் இல்லை?

தையல் மெஷினின் ஊசியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டால் தையல் விழாது. நூல் அறுந்து அறுந்து போகும். பிரஷர் குக்கரின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் மூடியின் ஓரமெல்லாம் ஆவி சீறும். இங்கேயெல்லாம் பிசகு உடனே கூச்சல் போட்டுத் தன்னைக் காட்டிக் கொடுத்து விடுகிறது. மூன்று கால் மின்சாரப் பிளக்கு இன்னும் ஒரு படி மேல். அதைத் தப்பாகச் செருக வேண்டும் என்று விரும்பினாலும் செருக முடியாது. இவற்றுக்கு நேர்மாறாக ஒரு யந்திரத்தை நினைத்துப் பாருங்கள். தப்பாகப் பூட்டினாலும் சரியாகப் பூட்டியது போலவே அது தோற்றமளிக்கும். கையில் வழவழவென்று ஓடும். வரவேண்டிய சத்தமெல்லாம் வரும். கடைசியில் எஜமானின் முகத்திலேயே பாயும். அப்படிப்பட்ட யந்திரம் ஒன்று வாஸ்தவமாகவே இருந்தது. அதை நாலு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன் பெயர் ராஸ் துப்பாக்கி. பிறந்த இடம் கானடா தேசத்தின் க்வெபெக் நகரம்.

அதன் கதையைச் சொல்லுமுன் துப்பாக்கியின் பின்புறத்தைச் சற்றே பார்த்து விடுவோம். அங்கே முன்னும் பின்னும் நகருகிற எஃகு உருளை ஒன்று உண்டு. இங்கிலீஷில் அதைப் போல்ட் என்பார்கள். நம் வீட்டுக் கதவின் தாழ்ப்பாளுக்கும் அந்த பாஷையில் அதே பெயர்தான். வேலையும் ஏறக்குறைய அதே வேலைதான். ஆகையால் நாமும் அதைத் தாழ் என்றே சொல்லுவோம். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, அதன் பின்னால் அடைத்துக்கொண்டு நிற்பது அதன் கடமை. பழைய 303 தோட்டாவுக்குள் மருந்து எரியும்போது சதுர அங்குலத்துக்குச் சுமார் 18 டன் அமுக்கம் உண்டாகிறது. அந்த அமுக்கம் குண்டை முன்னால் தள்ளுவது போலவே தாழைப் பின்னால் தள்ளுகிறது. பின்னால் இருப்பதோ சுடுகிறவனுடைய கன்னமும் கண்ணும். தாழில் உள்ள தடித்த எஃகுப் பற்கள் துப்பாக்கியின் சட்டத்தில் உள்ள பள்ளங்களில் திரும்பிப் பதிந்திருந்தால்தான் அது அசையாமல் நிற்கும். தள்ளினால் மட்டும் போதாது. தள்ளித் திருப்பியும் ஆக வேண்டும். கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளிய பிறகு அதன் காதை மடக்கி விடுகிறோம் அல்லவா, அது மாதிரிதான்.

நம் தேசத்தாருக்குப் பழக்கமான பட்டாளத் துப்பாக்கி லீ-என்பீல்டு. வங்காளத்து இச்சாபூர்த் தொழிற்சாலையில் அதை வெகு காலம் செய்து வந்தார்கள். உத்தரப் பிரதேசப் போலீஸார் அதற்கு விடை கொடுத்தது 2020-ஆம் வருஷம் ஜனவரியில்தான். தேசிய மாணவர் படையில் இருந்த நம் நேயர்கள் சிலருக்கு, அதைத் தோளில் சுமந்து வெயிலில் நின்ற காலைகள் ஞாபகம் இருக்கும். அதிலே கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே மடக்க வேண்டும். ஆக, நாலு காரியம். கீழே மடக்குகிறபோது தாழ் திரும்பிப் பூட்டிக் கொள்கிறது. அதாவது, பூட்டுகிறவன் சுடுகிறவனே. கைப்பிடி மடங்காவிட்டால் பூட்டு விழவில்லை என்று இருட்டிலும் அவன் கைக்குத் தெரிந்து போகும்.

ஸ்காட்லாந்துப் பிரபுவான ஸர் சார்லஸ் ராஸ் இந்த நாலு காரியத்தை இரண்டாகக் குறைக்க நினைத்தார். பின்னால் இழு, முன்னால் தள்ளு, அவ்வளவுதான். இந்த யோசனை அவருக்கு முன்பே ஆஸ்திரியாவில் மான்லிக்கர் என்பவர் செய்து காட்டியதுதான். தாழைத் திருப்புகிற வேலை கையை விட்டு யந்திரத்தின் வயிற்றுக்குள் போய்விடுகிறது. ராஸின் தாழ் இரண்டு துண்டுகளால் ஆனது. வெளியே ஓர் உறை. கைப்பிடி அதோடு சேர்ந்தது. உறைக்குள்ளே பற்களோடு கூடிய தலை. தலையின் தண்டைச் சுற்றிச் சாய்வான வரம்புகள் ஓடும். உறையின் உட்புறத்தில் அந்த வரம்புகளுக்கு ஏற்ற காடிகள் இருக்கும். கைப்பிடியை முன்னால் தள்ளும்போது தலை முதலில் தன் இடம் போய்ச் சேர்ந்து நின்று விடும். உறை மட்டும் மேலும் கொஞ்ச தூரம் ஓடும். அந்த ஓட்டத்தில் சாய்ந்த வரம்புகள் தலையைத் திருப்பிப் பூட்டும். அகலமான மரையுள்ள திருகாணியின் மேல் நட்டைத் தள்ளினால் அது தானே சுழலுமே, அதுதான் இதன் சூத்திரம். கெட்டிக்காரத்தனமான வேலை என்பதில் சந்தேகமில்லை.

கெட்டிக்காரத்தனத்தின் விலை, துடைப்பதற்காகத் தாழைப் பிரிக்கும்போது தெரிய வரும். பிரித்த தலையைத் திரும்பவும் உறைக்குள் செருகினால், அது உறையின் வாயிலிருந்து நன்றாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நீட்டம் இருந்தால்தான் பின்னால் ஓடித் திரும்புவதற்கு இடம் இருக்கும். 1910-ஆம் வருஷத்து மாதிரியில் தலையை வேறு கோணத்தில் திருப்பிச் செருகி விடவும் முடியும். அப்பொழுது அது நீட்டி நிற்காமல் உள்ளே ஒடுங்கி உட்கார்ந்து கொள்ளும். இப்படிப்பட்ட தாழைத் துப்பாக்கியில் போட்டுத் தள்ளினால் தலை திரும்பாது. திரும்பாமலே முன்னால் போய் நிற்கும். தோட்டா உள்ளே போகிறது. கைப்பிடி போக வேண்டிய இடம் வரைக்கும் போகிறது. விசையை அமுக்கினால் ஊசி அடிக்கிறது, மருந்தும் வெடிக்கிறது. எல்லாம் நடக்கிறது, பூட்டு ஒன்றுதான் விழவில்லை. 18 டன் அமுக்கமும் ஓர் எஃகு உருளையை, அதைப் பிடித்து நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லாத நிலையில், மனிதன் முகத்தை நோக்கித் தள்ளுகிறது.

இந்தத் துப்பாக்கி எப்படி ஒரு தேசத்தின் பட்டாளத்துக்கே கொடுக்கப்பட்டது? 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தின்போது கானடாவுக்கு வேண்டிய துப்பாக்கிகள் இங்கிலாந்திலிருந்து கிடைக்கவில்லை. கானடாவில் தொழிற்சாலை வையுங்கள் என்று கேட்டதற்கும் இங்கிலீஷ் முதலாளிகள் சம்மதிக்கவில்லை. அந்தச் சமயத்தில் ஸர் சார்லஸ் வந்தார். தம் சொந்தத் துப்பாக்கியைக் கானடாவிலேயே செய்து தருவதாகச் சொன்னார். தேசத்தார் பூரித்துப் போனார்கள். இதில் அவர்களை நாம் பரிகாசம் செய்வதற்கில்லை. பிறர் கையை எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் சொந்தக் கையால் செய்து கொள்ள விரும்பியது சரியான ஆசையே. ஆனால் சுதேசிச் சாமான் என்பதற்காகக் குற்றத்தைக் குற்றம் என்று சொல்லாமல் இருப்பது அபிமானம் ஆகாது. 1906-லேயே குதிரைப் போலீஸ்காரர் ஒருவர், முந்திய மாதிரி ராஸ் துப்பாக்கியின் தாழ் பின்னால் பாய்ந்து கண்ணை இழந்தார். போலீஸ் படை அந்தத் துப்பாக்கியை வேண்டாம் என்று திருப்பி விட்டது. பட்டாளமோ மாதிரியைத் திருத்தித் திருத்தி வாங்கிக்கொண்டே இருந்தது.

போட்டிப் பந்தயங்களில் அந்தத் துப்பாக்கிக்கு நிகர் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் நடக்கும் பந்தயத்தில் 1911-லும் 1913-லும் அரசர் பரிசைக் கானடாக்காரர்களே தட்டிக்கொண்டு போனார்கள். 30 அங்குலத்துக்கு மேல் நீண்ட குழலால் குறி தப்பாமல் சுடும். மகாயுத்தத்தில் மறைந்திருந்து சுடுகிறவர்கள் பலர் அதைக் கடைசி வரையில் விட மறுத்தார்கள். ஓஜிப்வே குலத்துப் பிரான்சிஸ் பெகாமகாபோ அவர்களில் பெயர் பெற்றவர். ஆனால் இவர்களெல்லாம் துப்பாக்கியைக் குழந்தை போலப் பராமரித்தவர்கள். ஒரு குண்டு சுட்டு விட்டு ஒரு மணி நேரம் காத்திருப்பவர்கள். பட்டாளத்தின் பெருந்திரளுக்கு அந்த வசதி ஏது?

1915-ஆம் வருஷம் ஏப்ரல் 22-ஆம் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ரே என்னும் ஊருக்கு வெளியே ஜெர்மானியர் குளோரின் விஷவாயுவைத் திறந்து விட்டார்கள். அந்தப் புகையின் ஓரத்தில் நின்றது கானடாவின் முதல் டிவிஷன். எதிரி அலை அலையாக வரும்போது அவர்கள் கையில் இருந்த ராஸ் துப்பாக்கிகள் சூடேறி இறுகிக் கொண்டன. தாழை இழுக்க வரவில்லை. பூட்ஸ் காலால் உதைத்தும் மண்வெட்டிப் பிடியால் அடித்தும் திறந்தார்கள். சண்டை ஓய்ந்த பிறகு எண்ணிப் பார்த்ததில், தப்பிப் பிழைத்த 5,000 பேரில் 1,452 பேர் தங்கள் ராஸ் துப்பாக்கியை எறிந்துவிட்டு, இறந்த இங்கிலீஷ் சிப்பாய்களின் லீ-என்பீல்டுகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தார்கள். அதே போர்க்களத்துக்கு ஏப்ரல் 26-ஆம் தேதி நம்முடைய லாகூர் டிவிஷனும் வந்து சேர்ந்தது. நம் சிப்பாய்களுக்கு 1914-ல் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கியதுமே புதிய லீ-என்பீல்டுகளைக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பட்ட கஷ்டங்கள் அனந்தம். ஆயினும் தாழைக் காலால் உதைக்கிற கஷ்டம் அவற்றில் சேரவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலரும் இரண்டு குற்றங்களையும் ஒன்றாகக் குழப்பி விடுகிறார்கள். ஈப்ரேயில் தாழ் இறுகியது வேறு. பூட்டாத தாழ் பின்னால் பாய்வது வேறு. இறுகியதற்குக் காரணங்கள் இரண்டு. தாழைப் பின்னால் இழுக்கும்போது அதைத் தடுத்து நிறுத்தும் சிறு இரும்பு ஒரு பல்லின் ஓரத்தில் மோதி மோதி அதை நசுக்கிவிட்டது. தோட்டா இருக்கும் அறையும், அவசரத்தில் செய்த இங்கிலீஷ் தோட்டாக்களுக்கு மிகவும் நெருக்கமாக இருந்தது. அறையைப் பிறகு அகலப்படுத்தினார்கள்; தடுப்பிரும்பையும் பெரிதாக்கினார்கள். தப்பாகப் பூட்டுகிற அபாயம் இவற்றால் தீரவில்லை. எங்கள் அபிப்பிராயத்தில், முதல் குற்றம் இரண்டாவதற்கு வழி செய்தும் கொடுத்தது. இறுகிக் கொள்கிற தாழைச் சிப்பாய் ஓயாமல் கழற்றுவான்; ஓயாமல் கழற்றுகிறவன் என்றைக்காவது ஒரு நாள் தப்பாகப் பூட்டுவான்.

சரியாகப் பூட்டினால் ராஸ் துப்பாக்கிக்கு ஒரு குறைவும் இல்லை என்று வாதிப்பவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் யார் பூட்டுவது, எங்கே பூட்டுவது? இரண்டு இரவு தூங்காதவன். முழங்கால் அளவு சேற்றில் நிற்கிறவன். குளிரில் விரல் மரத்துப் போனவன். பதுங்கு குழியின் மெழுகுவத்தி வெளிச்சத்தில், கம்பளித் துண்டின் மேல் வைத்துத் துடைக்கிறான். தலையை இந்தக் கோணத்தில் செருகினோமா, அந்தக் கோணத்தில் செருகினோமா என்று அவனுக்கு ஞாபகம் இல்லாமல் போவது ஒரு குற்றமா? வரவேற்பறை மேஜையின் மேல் பூட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னவர்கள் இவனை நினைத்துப் பார்க்கவில்லை என்பதே நம்முடைய குறை.

இதற்கு எதிரிடையாக ருஷ்யர்களுடைய 1891-ஆம் வருஷத்து மோஸின் துப்பாக்கியைச் சொல்லலாம். முரட்டுச் சாமான், பார்க்க அழகில்லை. அதிலும் தாழைப் பிரித்துப் பூட்டும்போது ஊசியை மரையில் திருகித்தான் ஏற்ற வேண்டும். அதிகம் நீட்டினால் தோட்டாவின் அடியைத் துளைத்துவிடும். குறைவாக நீட்டினால் வெடிக்காது. ஆனால் சிப்பாயின் பையிலேயே ஒரு சிறு இரும்புத் தகடு கொடுத்திருந்தார்கள். திருப்புளியும் அதுவே, அளவுகோலும் அதுவே. அதில் 75 என்றும் 95 என்றும் எண் போட்ட இரண்டு வெட்டுகள் இருந்தன. ஊசி முனை ஒரு வெட்டில் தட்டி மற்றொன்றில் தட்டாமல் போனால் சரி. எழுத்து வாசனை இல்லாத குடியானவனும் அதை வைத்துப் பார்த்துக் கொள்வான்.

கானடாவிலோ விவகாரம் மந்திரி மாளிகைக்குப் போயிற்று. படைத் தலைவரான ஆல்டர்ஸன் 1916-ல் துப்பாக்கியின் குற்றங்களை எழுதி அனுப்பினார். ராணுவ மந்திரி ஸர் ஸாம் ஹியூஸ் அவரை அவமதித்துப் பதில் எழுதி, அதன் நகல்களை ஆல்டர்ஸனுக்குக் கீழிருந்த அதிகாரிகளுக்கே அனுப்பி வைத்தார். அந்த வருஷம் மே மாதத்தில் ஆல்டர்ஸன் தம் பதவியை இழந்தார். துப்பாக்கி அவருக்குப் பிறகுதான் போயிற்று. முதல் டிவிஷன் 1915 ஜூனிலேயே லீ-என்பீல்டுக்கு மாறியிருந்தது. மற்ற டிவிஷன்கள் 1916-ல் மாறின. அந்த நவம்பரில் மந்திரியும் போனார். 1917-ல் சர்க்கார் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. 1920-ல் ஸர் சார்லஸுக்கு நஷ்ட ஈடாக 20 லட்சம் டாலர் கொடுத்தார்கள். கண்ணை இழந்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நாம் இதை எழுத வேண்டியதில்லை. பட்டாளம் கழித்துவிட்ட துப்பாக்கிகள் அழிந்து போவதில்லை. 1940-ல் இங்கிலாந்தின் ஊர்க்காவல் படைக்கு மறுபடியும் ராஸ் துப்பாக்கிகளை எடுத்துக் கொடுத்தார்கள். எஞ்சியவை உபரிச் சாமானாக விலைபோய், கானடாவிலும் அமெரிக்காவிலும் வேட்டைக்காரர்கள் வீட்டில் சேர்ந்தன. இன்றைக்கும் தாத்தாவின் பெட்டியிலிருந்து அவை வெளிவருகின்றன. நம் தேசத்தில் 303 துப்பாக்கி சாதாரணமாகத் தனியார் கையில் இருப்பதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆனால் நம் நேயர்களின் பிள்ளைகள் இப்பொழுது எந்தெந்தக் கண்டத்தில் இருக்கிறார்கள் என்று யார் கண்டது?

பழைய பட்டாளத் துப்பாக்கி கைக்கு வந்தால் அதை முழுவதும் கழற்றாமல் இருக்க முடியாது. கிடங்கிலிருந்து வருகிறது என்றால் கெட்டியான மசகு பூசி வரும். அதைக் களைந்தாக வேண்டும். பழைய தோட்டாவைச் சுட்டது என்றால் இன்னொரு வேலையும் உண்டு. அந்தத் தோட்டாக்களின் தீப்பொறி மருந்து எரிந்த பின் குழலுக்குள் ஒருவித உப்பை விட்டுச் செல்லும். நம் வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிகிறதல்லவா, அதுபோல அந்த உப்பும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்று விடும். எண்ணெயில் அது கரையாது; நீரில்தான் கரையும். முதலில் வெந்நீர், பிறகு நன்றாகத் துடைப்பு, அதற்கப்புறம் எண்ணெய்.

பல துப்பாக்கிகளை ஒன்றாகக் கழற்றினால் தாழ்கள் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாண கோஷ்டி ரயிலில் போகும்போது ஒருவருடைய கூஜாவின் மரை மூடியை மற்றொருவர் கூஜாவில் திருகிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூடி ஏறியது போலத் தோன்றும்; வண்டி ஆடினால் காபி கசியும். துப்பாக்கியில் கசிவது காபி அல்ல. இதற்காகவே லீ-என்பீல்டில் தாழின் கைப்பிடியிலும் சட்டத்திலும் ஒரே எண்ணை வெட்டியிருப்பார்கள். எண்கள் ஒத்திராவிட்டால், ஆயுதக் கொல்லர் இடைவெளியை அளந்து பார்க்கிற வரையில் சுடலாகாது.

ராஸ் துப்பாக்கிக்கு இதற்கு மேலும் ஒரு சோதனை உண்டு. தோட்டா இல்லாமல் தாழைப் போட்டு, மேலே திறந்த வாய் வழியாகத் தலையைப் பார்த்துக்கொண்டே கைப்பிடியை மெள்ள முன்னால் தள்ள வேண்டும். கடைசிச் சிறிது தூரத்தில் தலை திரும்புவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். திரும்பினால் பூட்டு விழுகிறது என்று அர்த்தம். திரும்பாமல் நேரே போய் நின்றால் தாழை வெளியே எடுத்து, உறையிலிருந்து தலை நன்றாக நீட்டி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நீட்டி நிற்காவிட்டால் விஷயம் தெரிந்த கொல்லரிடம் கொடுத்துவிடுவது உத்தமம். தாழைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும். நேற்றுப் பார்த்தோமே என்று இன்றைக்கு விட்டுவிடக் கூடாது.

பிற்காலத்தில் பல ராஸ் துப்பாக்கிகளில் தாழின் உறையில் ஒரு சிறு ஆணியை அறைந்தார்கள். அந்த ஆணி இருந்தால் தலையைத் தப்பான கோணத்தில் செருக முடியாது. குறுக்கே நின்று தடுத்துவிடும். 18 டன் அமுக்கத்துக்கு எதிரே மந்திரியும் பிரபுவும் செய்யாத காரியத்தைச் செய்தது, சுண்டு விரல் நகத்தளவுகூட இல்லாத அந்த ஆணிதான். பழைய ராஸ் துப்பாக்கியை விலைக்கு வாங்குகிறவர்கள் முதலில் அதைத்தான் தேடிப் பார்க்கிறார்கள்.